16 அங்குல ஸ்டாண்ட் ஃபேன்: கழட்டிப் பார்த்த விமர்சனம்

யாழ்ப்பாணத்தில் ஃபேன் பழுதாவதற்குத் தூசியும் உப்புக்காற்றும் ஒரு காரணம். மோட்டார் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷில் எண்ணெய் வற்றினால் தண்டு இறுகும். மோட்டார் சூடேறி, சுருளுக்குள் இருக்கும் வெப்ப ஃபியூஸ் போகும். ஆகவே காற்று எவ்வளவு என்பதோடு, எப்படிக் கழட்டுவது என்பதையும் பார்க்கவேணும்.

தலைப்பகுதிக்கு முழுப் புள்ளி. முன்வலையைக் கிளிப்புகள் பிடிக்கின்றன, கருவி தேவையில்லை. இறக்கையின் மூடி எதிர்மரை: வலப்பக்கம் திருப்பினால்தான் கழரும். தெரியாதவர் இடப்பக்கம் முறுக்கி மரையைத் தின்னவைப்பார். பின்வலை நட்டு வழமையான மரைதான்.

மோட்டார் மூடியில்தான் சிக்கல். பிளாஸ்டிக்குக்குள் நேராக ஏறும் ஸ்குரூக்கள். நாலைந்து தரம் கழட்டிப் பூட்டினால் பிடி விட்டுவிடும். திருப்பிப் பூட்டும்போது ஸ்குரூவை முதலில் இடப்பக்கம் மெல்லச் சுழற்றி, பழைய மரையில் 'டக்' என விழுந்தபின் இறுக்கினால் கூடக்காலம் நிற்கும். துளைக்குள் மரை வெட்டிய பித்தளைச் செருகி வைத்திருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை. அதில் மிச்சம் பிடித்தது வெறும் கஞ்சத்தனம். ஸ்குரூக்களும் துருப்பிடிக்கும் ரகம், கிறீஸ் தொட்டுப் பூட்டுங்கள்.

அடித்தட்டு படுமோசம். பாரத்துக்கு ஊற்றிய சீமெந்து பிளாஸ்டிக்கோடு ஒட்டியே கிடக்கிறது. உடைக்காமல் பிரியாது, பழைய சாமான் எடுப்பவரும் தொடமாட்டார். மோட்டாரின் செம்புக்கும் குழாயின் இரும்புக்கும் மட்டும் காசு வரும்.

வாங்கலாம். ஆனால் அதே விலையில் இரும்புக் குறுக்குக்கால் வைத்தது கிடைத்தால் அதை எடுங்கள்.