ராயபுரத்துக் கண்ணாடிப் பட்டறை: வேலை எப்படி?

எம்.சி. ரோடு துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ராயபுரம் பக்கம் போனால், ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தப் பட்டறை. போர்டு கிடையாது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்து புதிய ஸ்டெயின்ட் கிளாஸ் செய்கிறார்கள். பழைய ஜன்னல்களைப் பிரித்துச் சரிசெய்தும் தருகிறார்கள். பூஜையறைக் கதவுக்கு மயிலும் தாமரையும் கேட்டு வருகிறவர்களுக்கும், மாதா கோயில் ஜன்னலைக் கொண்டு வருகிறவர்களுக்கும் வேலையில் ஒரே தரம்தான்.

கடைகளில் ஸ்டெயின்ட் கிளாஸ் என்று விற்பதில் பல, ஒரே கண்ணாடிமேல் கலர் பிலிமும் ஈயப் பட்டையும் ஒட்டியவை. வெயில் படும் ஜன்னலில் பிலிம் ஓரம் சுருண்டு கிளம்பிவிடும். இங்கே ஒவ்வொரு நிறமும் தனித் துண்டு. கண்ணாடி உருகும்போதே கலந்த நிறம் என்பதால் வெளுக்காது. முகம், விரல், துணிமடிப்புக் கோடுகள் மட்டும் பிரஷ் வேலை. அந்த பெயின்ட், பொடித்த கண்ணாடியும் இரும்பு ஆக்சைடும் கலந்தது. சூளையில் 650 டிகிரி வாக்கில் வெந்ததும் கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். வாங்கும்போது நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கோடு உதிர்ந்தால் அது வேகாத பெயின்ட்.

அளவில் இவர்கள் கறார். இரண்டு பக்கமும் கண்ணாடியைக் கவ்வும் H வடிவ ஈயப் பட்டையின் நடுத்தண்டு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அந்த இடத்தை இரண்டு துண்டுகளுக்கு நடுவே விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரு வரிசையில் 10 துண்டுகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் கூடிப்போனால், பேனல் 5 மில்லிமீட்டர் வளர்ந்து சட்டத்துக்குள் போகாது. கட்டிங் வீலை ஒரே அழுத்தத்தில் ஒரே தடவைதான் ஓட்டுகிறார்கள். 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் வரும். அதே கோட்டில் மறுபடி ஓட்டினால் வீலும் கெடும், கண்ணாடியும் கண்ட இடத்தில் உடையும். தாமரை இதழின் உள்வளைவு ஒரே உடைப்பில் வராது. பிறை பிறையாகக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் அந்த வளைவை நேராக்கிவிடுவார்கள். பூ முள்ளங்கி மாதிரி நிற்கும். இங்கே அப்படி ஒரு இதழ்கூட இல்லை.

பட்டைகள் சேரும் முடிச்சுகளில் சால்டரிங் சுத்தம். ஈயம் உருகுவது 327 டிகிரியில், 60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 190 டிகிரியிலேயே உருகிவிடும். அயர்ன் ஒரே இடத்தில் நின்றால் பட்டையே குழிவிழும். இவர்கள் வேலையில் ஒவ்வொரு முடிச்சும் தட்டையாக, ஓரம் மழுங்கி உட்கார்ந்திருக்கிறது.

பலரும் ஏமாற்றும் இடம் சிமென்ட், அதாவது பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அடைக்கும் பசை. சாக் பவுடர், லின்சீட் ஆயில், கொஞ்சம் டர்பன்டைன், கறுப்புக்கு விளக்குக்கரி. இதைக் குழைத்து பட்டைக்கு அடியில் பிரஷ்ஷால் திணிக்க வேண்டும். பேனலை விரலால் தட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் சிமென்ட் உள்ளே போகவில்லை, மழைத் தண்ணீர் போகும். இங்கே இரண்டு பக்கமும் திணித்து, இறுகும்வரை படுக்கையாக வைக்கிறார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கொடுத்தால் சொன்ன தேதிக்குக் கிடைக்காது. தாமதமாகும் என்பதை அவர்களே முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

2 அடிக்கு மேல் உயரமுள்ள பேனலுக்குக் குறுக்குக் கம்பி வைத்து, செம்புக் கம்பியால் பட்டையோடு கட்டுகிறார்கள். இல்லாவிட்டால் தன் பாரத்திலேயே வயிறு தள்ளிவிடும். காசிமேட்டு உப்புக்காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து சுவரையே பிளக்கும். ஆகவே 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சாதாரணக் கம்பியைப் போட்டுவிடுகிறார்கள். இது குறைதான்.

பழுதுபார்ப்பில் இவர்கள் அருமை. ஒரு துண்டு உடைந்தால் முழுப் பேனலையும் பிரிப்பதில்லை. பட்டையின் விளிம்பை மெல்ல நிமிர்த்தி, புதுத் துண்டைச் சொருகி, திரும்ப மடக்குகிறார்கள். ஆனால் 1892-ல் திறந்த ஹைகோர்ட் கட்டடத்து வயதுள்ள ஜன்னல் என்றால் ஈயமே களைத்திருக்கும். மடக்கினால் முறியும். அதற்குப் பட்டை முழுவதும் புதிதாகத்தான் வேண்டும். பழைய கண்ணாடியை ஆசிடாலோ அமோனியா கலந்த கிளீனராலோ துடைக்க விடாதீர்கள். வரைந்த முகம் போய்விடும். இவர்கள் டிஸ்டில்டு வாட்டரும் பஞ்சும் மட்டுமே தொடுகிறார்கள்.

கூலியில் சதுர அடியைவிடத் துண்டுகளின் எண்ணிக்கைதான் கணக்கு. ஒரே அளவுப் பேனலில் 20 துண்டுக்கும் 80 துண்டுக்கும் விலை எங்கோ போய்விடும். டிசைனைக் காட்டி, துண்டுகளை எண்ணச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஈயத்தூள் உள்ள இடம் என்பதால் குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம்.

பொருத்தும் வேலை இவர்களுடையதல்ல, உங்கள் தச்சருடையது. சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துகொண்டு போங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜன்னல்கள் பலவும் கோணல். பேனலைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள்.