"இன்னைக்கே மீன் விடலாம் சார்": என் முதல் உப்புத் தண்ணீர்த் தொட்டி 15 நாளில் காலியான கதை

முதல் தடவையாகக் கடல்நீர் மீன் தொட்டி வைக்கப் போகிறவர்கள், கடைக்குக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிட்டால் நல்லது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு, அதே பேச்சு பேசும் இன்னொரு கடையில் போய் நிற்பீர்கள்.

நன்னீர் மீன்களை ஏழெட்டு வருடமாக வளர்க்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் 60 லிட்டர் தொட்டி ஒன்றைக் கேட்டேன். சின்னத் தொட்டி என்றால் வேலையும் சின்னதாக இருக்கும் என்று நினைப்பு. நடப்பது நேர்மாறு. 600 லிட்டரில் ஒரு சிட்டிகை தீனி அதிகமாக விழுந்தால் தண்ணீர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. 60 லிட்டரில் மறுநாளே தெரிந்துவிடும். வெப்பநிலையும் அப்படித்தான், உப்பின் அளவும் அப்படித்தான். கடைக்காரர் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். "சின்னதுதான் சார் ஈஸி" என்றார்.

தொட்டி, விளக்கு, ஃபில்டர், ஹீட்டர், மணல், வெள்ளை வெளேரென்று காய்ந்த பாறைகள், கேன் கேனாகக் கலந்து வைத்த உப்புத் தண்ணீர், எல்லாம் வாங்கியாயிற்று. நன்னீருக்குச் செய்வதுபோல் சில வாரம் காலியாக ஓடவிட வேண்டாமா என்று கேட்டேன். ஜன்னலோரம் வெயில் விழும் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "அதெல்லாம் பழைய காலம் சார். இதுல பாக்டீரியா இருக்கு. ஊத்துங்க, இன்னைக்கே மீன் விடலாம்."

பாட்டில் பாக்டீரியா எல்லாமே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். நல்லபடி வைத்திருந்து, காலாவதி ஆகாமல் இருந்தால் சில பாட்டில்கள் வேலை செய்யும். ஆனால் அது உயிர். வெயிலில் வேகவைத்தால் உள்ளே மிஞ்சுவது கலங்கல் தண்ணீர்தான். வேலை செய்கிறதா இல்லையா என்பதை அம்மோனியாவைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இவை பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இதெல்லாம் எனக்கே தெரியும். தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே என் கையில் கொடுத்தனுப்பியவை: இரண்டு கோமாளி மீன்கள், அவை "குடியிருக்க" ஒரு கடல் சாமந்தி (பூப்போல விரியும் கடல் உயிரி, sea anemone), நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரு ப்ளூ டேங் மீன், ஒரு க்ளீனர் இறால், நாலைந்து நத்தைகள். இதில் 60 லிட்டருக்குப் பொருந்துவது கோமாளி மீன்களும் இறாலும் நத்தையும் மட்டுமே, அதுவும் தண்ணீர் தயாரான பிறகு. ப்ளூ டேங் வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும், நாளெல்லாம் நீந்தித் திரியும் மீன். கடல் சாமந்திக்கு நல்ல வெளிச்சமும், பல மாதம் நிலைத்து ஓடிய தொட்டியும் வேண்டும். தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி தேவையே இல்லை. அது இல்லாவிட்டால் மீன் "மனசு விட்டுடும்" என்று சொல்லித்தான் அதை விற்றார்கள்.

மூன்றாம் நாள் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடல் சாமந்தி சுருங்கி, வாய் பிளந்து கிடந்தது. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு காகிதப் பட்டையை நனைத்தார், டப்பாவோடு ஒப்பிட்டார், "எல்லாம் பர்ஃபெக்ட் சார்" என்றார். அளவு எவ்வளவு என்று கேட்டேன். "பச்சைதான் சார், பயப்படாதீங்க. புதுத் தண்ணி, பழகிடும்."

அந்த டப்பாவைப் பிறகு வேறு இடத்தில் பார்த்தேன். நைட்ரேட், நைட்ரைட், பிஎச், காரத்தன்மை, கடினத்தன்மை என்று ஐந்து கட்டங்கள். அம்மோனியாவுக்குக் கட்டமே இல்லை. பல பட்டைகளில் இருக்காது, அதற்குத் தனியாக வாங்க வேண்டும். புதுத் தொட்டியில் மீன் மூச்சுத் திணறினால் முதலில் பார்க்க வேண்டியதை அளக்கவே முடியாத பட்டையைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. கடல்நீரின் பிஎச் 8.2 பக்கம் இருக்கும். பிஎச் 7 உள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு பத்து மடங்குக்கும் மேல். நன்னீரில் தப்பித்த அனுபவம் இங்கே உதவாது.

ஆறாம் நாள் கடல் சாமந்தி கூழாகிவிட்டது. அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது, விடுங்கள். அது கரைந்ததில் தண்ணீர் பால் போல் கலங்கியது. விடிவதற்குள் ப்ளூ டேங்கும் ஒரு கோமாளி மீனும் போய்விட்டன. பணம் திருப்பிக் கேட்டபோது பில்லின் அடியில் உள்ள வரியைக் காட்டினார்கள்: உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. "பாவம் சார், உங்களுக்காகப் பாதி விலையில தர்றோம்" என்று இன்னொரு கோமாளி மீனைக் கொடுத்தார்கள். வாங்கினேன். இந்த இடத்தில் என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

புது மீன் தன்னோடு வெண்புள்ளி நோயைக் கொண்டுவந்தது. நாலே நாளில் இரண்டு மீன்களின் மேலும் உப்புத் தூவியது போல் புள்ளிகள். மறுபடி கடை, மறுபடி ஒரு பாட்டில். இந்தத் தடவை செம்பு கலந்த மருந்து. தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார். என் தொட்டியில் இறாலும் நத்தையும் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும், விற்றதே அவர்தான். முதல் வார அம்மோனியாவில் எப்படியோ பிழைத்த இறால் அன்று இரவே கவிழ்ந்தது. காலையில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று கீழே விழுந்து கிடந்தன. செம்பு மீனைக் குணப்படுத்தும்தான், ஆனால் இறால், நத்தை, பவளம் எதையும் விட்டுவைக்காது. பாறையும் மணலும் வேறு அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் இந்த மருந்தைத் தனித் தொட்டியில்தான் கொடுக்க வேண்டும். பாட்டில் லேபிளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இது அச்சாகியே இருந்தது.

பதினைந்தாம் நாள், பல வருடமாகப் பவளம் வளர்க்கும் தெரிந்தவர் ஒருவர் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். தண்ணீரின் ஒப்படர்த்தி 1.030. இருக்க வேண்டியது 1.025 அல்லது 1.026. "குறையிற தண்ணிக்கு எதை ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

கடையில் வாங்கும் உப்புத் தண்ணீரைத்தான், வேறெதை? உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும் என்று சொல்லி, வாராவாரம் கேன் விற்றார்கள். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். என் தொட்டியில் தினம் அரை லிட்டர் குறையும். அதற்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் தினமும் 17 கிராம் உப்பு கூடுதல். இரண்டு வாரத்தில் 240 கிராம் பக்கம். நான் கருவாடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்தமான ஆர்ஓ தண்ணீர்.

இதுவரை கடைக்காரர்களுக்கும் விஷயம் தெரியாதோ என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் விற்கிறவர்களும் உண்டு. காலிக் கேன்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைப் பையன் பின்பக்கத்தில் அவர்களுடைய பெரிய தொட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான். சுவரில் மாட்டிய ஆர்ஓ ஃபில்டரிலிருந்து நேராகக் குழாய். "உப்புத் தண்ணி ஊத்தலையா தம்பி?" என்றேன். "இதுக்கா? நல்ல தண்ணிதான் சார் ஊத்தணும், இல்லன்னா உப்பு ஏறிடும்" என்றான் வெள்ளந்தியாக. முதலாளி அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

இப்போது கடை கடையாகப் போகும்போது நான் கேட்பது கொஞ்சம்தான். மீனுக்கு என் கண் முன்னால் தீனி போடுங்கள், தின்கிறதா பார்ப்போம் என்கிறேன். எத்தனை நாளாக உங்களிடம் இருக்கிறது, இந்தத் தண்ணீரில் செம்பு கலந்திருக்கிறதா என்று கேட்கிறேன். கடைத் தண்ணீரில் செம்பு இருந்தால் நோய் அங்கே அடங்கியிருந்து, நம் வீட்டுக்கு வந்ததும் தலைதூக்கும். தண்ணீர் சோதித்தால் எண்ணைச் சொல்லச் சொல்கிறேன். ஒரு கடையில் "60 லிட்டருக்கு இந்த மீன் வேண்டாம்" என்று விற்க மறுத்தார்கள். இனி அங்கேதான் வாங்குவேன்.

மிஞ்சிய ஒரே கோமாளி மீன் தெரிந்தவர் வீட்டில் தனித் தொட்டியில் இருக்கிறது, நன்றாகத் தின்கிறதாம். செம்பு ஏறிய பாறையையும் மணலையும் தூக்கிப் போட்டுவிட்டு, புதுப் பாறை வைத்து, உப்பை நானே கலந்து, பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொஞ்சம் அம்மோனியா விட்டு, மீனில்லாமல் ஓடவிட்டிருக்கிறேன். இன்றோடு 19 நாள். அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. நைட்ரைட் சோதனைக் குப்பி இன்னும் அடர் ஊதாவில்தான், அதாவது அதிக அளவில்தான் நிற்கிறது.