மாடி அறையில் லேமினேட் தரை: வேலை சுத்தம், கடைக்காரர் பேச்சைத்தான் வடிகட்டிக் கேட்க வேண்டும்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு லேமினேட் தரை போட்டு ஒரு ஐப்பசி அடைமழையும் ஒரு கத்திரி வெயிலும் கழிந்துவிட்டன. வருகிறவர்கள் எல்லோரும் "தேக்கா?" என்று குனிந்து தட்டிப் பார்க்கிறார்கள். தேக்கெல்லாம் இல்லை. மரநாரை அழுத்திச் செய்த பலகை, அதன் மேல் மரம் மாதிரி அச்சடித்த காகிதம், அதற்கும் மேல் சீக்கிரம் தேயாமல் இருக்க அலுமினியம் ஆக்சைடு கலந்த மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். அந்த நடுப்பலகை தண்ணீர் குடித்தால் உப்பும், உப்பினால் அப்புறம் அடங்காது. டெல்டாக்காரர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

வாங்கிய கடையில் (பெயர் வேண்டாம்) "முழு வாட்டர்ப்ரூஃப் சார், குடம் குடமா ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். வாரண்டி அட்டையைக் கேட்டு வாங்கிப் படித்தால், தேங்கிய தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதைக் காட்டியதும் "பிழிஞ்ச துணியால துடைக்கலாம் சார்" என்று இறங்கி வந்தார்கள். தண்ணீரை நிஜமாகவே தாங்குகிற எஸ்பிசி என்ற வேறு சரக்கும், கல்மாவும் பிளாஸ்டிக்கும் கலந்தது, அதே கடையில் இருந்தது. நாமாகக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

கீழ் ஹாலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லி ஒரே நச்சரிப்பு வேறு. கீழே இருப்பது பழைய காவித் தரை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் கொல்லைக் கிணறு ஏறி, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் அடிக்கும். அளவெடுக்க வந்த ஃபிட்டர் தம்பிதான் இதைத் தீர்த்துவைத்தார். ஒரு முழம் பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார்; மறுநாள் பிரித்தால் அடியில் முத்து முத்தாக நீர். "இதுல போட்டா எழும்பிக்கும்ண்ணே, மாடிக்கு மட்டும் போட்டுக்குங்க" என்றார். தன் கூலிதான் குறையும் என்று தெரிந்தே சொன்னார் பாருங்கள், இந்த விமர்சனத்தில் நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அவருக்கு.

அறை 12க்கு 14. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினாலும் 185 சதுர அடிதான் வரும், ஒரு பெட்டிக்கு 20 சதுர அடி சொச்சம், ஆக 9 பெட்டி. கடை பில்லில் 11. அங்கேயே கணக்குப் போட்டுக் குறைத்தோம். எடுத்தது 8 மி.மீ. கனம், ஏசி4 தரம் (தேய்மானத்தைத் தாங்கும் அளவைச் சொல்லும் எண், கூடக் கூட நன்றாக உழைக்கும்). படுக்கை அறைக்கு ஏசி3யே போதும், பிள்ளைகள் நாற்காலியை இழுத்துத் தள்ளுவார்கள் என்று ஒரு படி மேலே போனோம்.

வேலை நடந்த விதம் பிடித்திருந்தது. பெட்டிகளை அறையிலேயே இரண்டு நாள் படுக்கவைத்துவிட்டுத்தான் தொட்டார்கள். நீளமான அலுமினியக் கட்டையைப் பழைய மொசைக் தரை மேல் வைத்துப் பார்த்து, ஜன்னலோரம் இருந்த மேட்டைத் தேய்த்து இறக்கினார்கள். அப்புறம் பாலிதீன், அதன் மேல் ஃபோம், அதன் மேல் பலகை. பசை கிடையாது, ஆணி கிடையாது. சாய்த்துச் செருகி அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்கிறது. சுவரோரம் சுற்றிலும் ஆப்பு வைத்து 10 மி.மீ. இடைவெளி விட்டார்கள். பலகை மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். அந்த இடைவெளியைச் சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடுகிறது.

ஆனால் ஸ்கர்ட்டிங்குக்கு அடிக்கணக்கில் தனிக் காசு, வாசலில் தரை ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்ட வைக்கும் ரீடியூசர் பட்டைக்குத் தனிக் காசு. தரை உயர்ந்ததால் கதவின் அடியை இழைக்க வேண்டியிருந்தது, அதற்கு ஆசாரி கூலி நம் தலையில். சதுர அடி விலை சொல்லும்போது இதையெல்லாம் வாயே திறக்கவில்லை. "எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்கழிக் காலையில் கால் வைத்தால் சில்லென்று இல்லை, அது சுகம். கத்திரியில் நிலைமை தலைகீழ். மதியம் சாப்பிட்டுவிட்டு வெறுந்தரையில் உருளும் ஜாதி நான், மொசைக்கின் குளுமை போனதில் எனக்கு வருத்தம்தான். அம்மாவுக்கு வேறு குறை. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிவிட முடியாதே! "கழுவாத தரை என்னடா தரை" என்பவர் மாடிக்கு வந்தாலே ஒரு பார்வை பார்க்கிறார்.

ஐப்பசி மழையில் பால்கனிக் கதவு வழியாகச் சாரல் அடித்து, ஓரத்தில் ஒரு இணைப்பு லேசாக உப்பியது. ஃபிட்டர் தம்பி வந்து அந்த ஓரத்திலிருந்து பூட்டைக் கழற்றி, மிச்சம் இருந்த பலகையைப் போட்டுக் கொடுத்தார். அந்த டிசைன் கடையில் இப்போது வருவதில்லையாம். அதனால் மிஞ்சும் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், பரண் மேல் கிடக்கட்டும்.