வீட்டிலேயே புருவ வாக்ஸ்: கடற்கரை வேர்வையில் எது நிற்கும், எது நிற்காது

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் வீட்டிலேயே புருவத்துக்கு வாக்ஸ் போடுபவர்களின் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "வாக்ஸ் உரிஞ்சு வருது, முடி அப்படியே நிக்குது." உடனே வாங்கிய டப்பா மேல் பழி விழும். வருடக்கணக்கில் பல வகைகளைப் புழங்கிப் பார்த்ததில் தெரிவது வேறு. இந்தக் காற்றில் காரியத்தைக் கெடுப்பது தோலில் இருக்கும் ஈரம். வேர்வையும் உப்பும் படிந்த தோலில் எந்த வாக்ஸும் முடியைச் சரியாகப் பற்றாது. பற்றாத இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டு இழுக்கும்போதுதான் தோல் உரிந்து கறுப்புத் தழும்பு விழுகிறது.

முதலில் எந்த வாக்ஸ் என்பது. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காய்ச்சும் சுகர் வாக்ஸ் கைகாலுக்கு அருமையானது. 2 கப் வெள்ளைச் சர்க்கரை, கால் கப் எலுமிச்சைச் சாறு, கால் கப் தண்ணீர். அதிரசப் பாகுக்கு ஒரு படி மேலே, 120 டிகிரி செல்சியஸ் அளவில் இறக்க வேண்டும். சாற்றின் புளிப்புதான் பாகு பூத்துப்போகாமல் காக்கிறது. ஆனால் சர்க்கரை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காலையில் பதமாக இருந்தது மதியத்துக்குள் இளகி வழியும். முழங்கையில் வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம், கண்ணுக்கு மேலே வழிந்தால்? ஊரில் கருப்பட்டி தாராளமாகக் கிடைக்கிறதே என்று அதில் காய்ச்சிப் பார்ப்பவர்களும் உண்டு. அது சீக்கிரம் அடிப்பிடிக்கும், பதமும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி வரும். கருப்பட்டி காப்பிக்கே இருக்கட்டும்.

கடையில் விற்கும் ரெடிமேட் ஸ்ட்ரிப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி ஒட்டச் சொல்வார்கள். மேலுதட்டுக்குப் பரவாயில்லை. புருவத்தின் வளைவுக்கு அகலம் அதிகம், வெட்டித்தான் போட வேண்டும். வெயில் நாளில் பெட்டிக்குள்ளேயே இளகி, பிரிக்கும்போது இரண்டு பக்கமும் நூல் நூலாக வரும்.

புருவத்துக்கு நிற்பது மணி மணியாக வரும் ஹார்டு வாக்ஸ், கடைகளில் வாக்ஸ் பீன்ஸ் என்று கேட்டால் தருவார்கள். இதற்குத் துணி ஸ்ட்ரிப் தேவையில்லை. இறுகும்போது முடியைச் சுற்றிப் பிடிக்கும், தோலோடு ஒட்டுவது குறைவு. அட்டையில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்: ரோசின் என்ற பைன் பிசின் சிலருக்கு அலர்ஜி தரும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து உரித்து, 24 மணி நேரம் பார்த்துவிட்டு முகத்துக்கு வருவதே முறை.

வாக்ஸையே தொடக்கூடாதவர்களும் உண்டு. டிரெட்டினாயின், அடாபலின் போன்ற பருக் களிம்பு பூசுபவர்கள், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு கலந்த 'வெள்ளையாக்கும்' கிரீமை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசுபவர்கள். கடைசி வகையினர்தான் நம் பக்கம் அதிகம், அவர்களுக்கே அது தெரிவதில்லை. இந்த மருந்துகளால் தோல் மெலிந்திருக்கும், வாக்ஸோடு மேல்தோலும் சேர்ந்து வரும். இவர்களுக்கு த்ரெட்டிங்தான் பாதுகாப்பு. மாத்திரையை நிறுத்தினாலும் 6 மாதம் பொறுக்கச் சொல்வார்கள்.

இனி தோலைக் காயவைக்கும் வேலை. வெளியே போய் வந்த கையோடு உட்காரக்கூடாது. முகத்தைக் கழுவுங்கள், அதுவும் போர் தண்ணீரில் வேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் ஒரு படிவாகத் தோலில் தங்கும், வாக்ஸுக்கு அந்தப் படிவும் எதிரி. காவிரிக் குழாய்த் தண்ணீரோ குடிக்க வாங்கும் குடத்துத் தண்ணீரோ ஒரு டம்ளர் போதும். ஒற்றித் துடைத்து, ஃபேனுக்கு நேராகக் கால் மணி நேரம் உட்காருங்கள். பிறகு வாசனையில்லாத பவுடரை விரல் நுனியில் தொட்டு மெல்லப் பூசி, அதிகப்படியை பிரஷால் தட்டிவிடுங்கள். பவுடர் வெள்ளையாகத் தெரிந்தால் கூடிப்போயிற்று. நேரம் என்று பார்த்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்லது. சமையல் முடித்த சூட்டோடு செய்தால் நெற்றி வேர்த்துக்கொண்டேயிருக்கும்.

வடிவம் குறிக்க வெள்ளைக் கண் பென்சில் வேண்டும், மாநிறத் தோலில் அதுதான் பளிச்சென்று தெரியும். மூக்கின் பக்கவாட்டில் ஒரு நேரான குச்சியைச் செங்குத்தாக வையுங்கள், அது புருவத்தைத் தொடும் இடம் தொடக்கம். அதே இடத்திலிருந்து கருவிழியின் வெளி ஓரம் வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி, கண்ணின் வெளிமுனை வழியாகச் சாய்த்தால் வால். வால் முனை தொடக்கத்தைவிடக் கீழே இறங்கினால் முகம் சோர்ந்து தெரியும். வைத்துக்கொள்ள வேண்டிய பகுதியைக் கறுப்புப் பென்சிலால் நிரப்பி, அதன் விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். வாசலின் பட்ட முடியை வாக்ஸ் பிடிக்காது, கை தவறினாலும் புருவம் தப்பும். அதே காரணத்தால் எடுக்க வேண்டிய இடத்தில் வாசலின் படவே கூடாது.

எடுக்கும் முடி ஓர் அரிசி நீளமாவது, அதாவது 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பிளக்கரே போதும்.

இரண்டு புருவத்துக்கும் ஒரு மேசைக்கரண்டி பீன்ஸ் தாராளம். ஹீட்டர் வாங்க வேண்டும் என்பதில்லை. சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீருக்குள் வைத்துக் கிளறுங்கள். கிண்ணத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெறிக்கக்கூடாது. கெட்டித் தேன் பதம் சரி. நீர்த்து ஓடினால் சூடு அதிகம். மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்க்காமல் கண் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கண்ணை மூடி, ஐஸ் குச்சியின் முனையால் புருவத்தின் கீழ்ப்பக்கம் உள்ளிருந்து வெளியே, முடி வளரும் திசையிலேயே தடவுங்கள். நீளம் 3 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர், வெளி முனை மட்டும் இன்னும் தடிப்பாக, பிடித்து இழுக்க. மெலிசாகப் போட்டால் நடுவில் உடையும். அரை நிமிடத்தில் விரல் வைத்தால் ஒட்டாத நிலை வரும். ரொம்ப விட்டால் மொறுமொறுவென்று நொறுங்கும். ஒரு கையால் தோலை நெற்றிப் பக்கம் இழுத்துப் பிடித்து, மறு கையால் வளர்ச்சிக்கு எதிராக, தோலை ஒட்டியபடியே சட்டென்று உரியுங்கள். மேலே தூக்கி இழுத்தால் முடி வேரோடு வராமல் பாதியில் அறும், ரத்தம் கட்டவும் செய்யும். உரித்த கையோடு விரலால் அழுத்திப் பிடித்தால் எரிச்சல் அடங்கும்.

உடைந்து தங்கிய துண்டை நகத்தால் சுரண்டாதீர்கள். அதன் மேலேயே கொஞ்சம் வெதுவெதுப்பான வாக்ஸை வைத்துச் சேர்த்து உரிக்கலாம், இல்லையென்றால் தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம். விட்டுப்போன முடிகளுக்கு பிளக்கர். ஒரே இடத்தில் இரண்டாவது முறை வாக்ஸ் கிடையாது. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். புருவத்தின் மேல்பக்கத்தையும் வாக்ஸில் கொண்டுவராமல் பிளக்கரோடு நிறுத்துவது நல்லது, அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வடிவம் போய்விடும்.

முடிந்ததும் குளிர்ந்த துணி ஒற்றடம். கற்றாழை பூசுவதானால் வெட்டிய மடலைக் கால் மணி நேரம் நிறுத்தி மஞ்சள் பாலை வடியவிடுங்கள், எரிச்சல் தருவது அந்தப் பால்தான். இரண்டு நாள் உச்சி வெயிலும் கடல் குளியலும் வேண்டாம். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட நாள் குறித்திருந்தால் அதற்கு மூன்று நாள் முன்பே புருவத்தை முடித்துக்கொள்ளுங்கள், அரியமான் கடற்கரைக்குப் போவதென்றாலும் இதே கணக்கு. அடுத்த நாள் வெள்ளைப் பொடிப் பருக்கள் வந்தால் கிள்ளாமல் விட்டால் தானாக வற்றும், பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். தோலே உரிந்துவிட்டால் வாசலின் மட்டும் பூசி வெயில் படாமல் பாருங்கள், பொருக்கைப் பிய்த்தால்தான் கறுப்பு நிலைக்கும்.

நீண்ட காலப் புழக்கத்தில் 3 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆண்டுகள் போகப்போகக் கீழ்ப்பக்க முடி மெலிந்து இடைவெளி கூடும். அந்த மெலிவு வால் பக்கம் ஏறினால் கையை நிறுத்துங்கள், அங்கே போன முடி திரும்பி வராமலே போகலாம். கை வைக்காமலே வால் உதிர்கிறது என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கல்யாணத்துக்கு முந்தின நாள் முதன்முறையாக வீட்டில் முயல்பவர்களுக்கு ஒரே பதில்: பார்லருக்குப் போய் த்ரெட்டிங் செய்துகொள்ளுங்கள்.

பீன்ஸை 100 கிராம் பாக்கெட்டாகவே வாங்குங்கள். கிலோ கணக்கில் வாங்கினால் சித்திரை வெயிலில் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும், பிறகு சுத்தியல்தான். இறுக மூடும் டப்பாவில், அடுப்படியை விட்டுத் தள்ளி வைக்கவும். முகத்தில் போட்டு உரித்ததை மறுபடி உருக்கவே கூடாது.