கிட்டார் ஹீரோ 3: வலது கையைப் பிழிந்தெடுக்கும் பாட்டு

திரையில் வரும் நோட்டுகளுக்கேற்ப கிட்டார் வடிவக் கன்ட்ரோலரை வாசிக்கும் கேம் இது. 2007-இல் வந்த இந்த கேமில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது மியூஸ் குழுவின் 'நைட்ஸ் ஆஃப் சைடோனியா'. ஏறக்குறைய ஆறு நிமிடம். ஐந்து கலர் பட்டன்களை இடது கை எப்படியோ சமாளித்துவிடும். வலது கைதான் பாவம். தாளம் முழுக்கக் குதிரைப் பாய்ச்சல், ஒரு நெடில், இரண்டு குறில் என்று ஓடிக்கொண்டே இருக்கும். கம்பிகளுக்குப் பதிலாக இருக்கும் ஸ்ட்ரம் பார் என்ற பட்டையைக் கீழே மட்டும் தட்டினால், எக்ஸ்பர்ட் என்ற மிகக் கடினமான நிலையில் தாக்குப்பிடிக்க முடியாது. மேலும் கீழுமாக மாற்றித் தட்ட வேண்டும், மணிக்கட்டை இறுக்காமல்.

முடிவில் வரும் ரிஃப்புக்காகவே, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டுக்காகவே, மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கும் ஸ்டார் பவரைச் சேர்த்து வைப்பேன். பிராக்டிஸ் மோடில் அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக வாசித்துப் பழகலாம், நல்ல வசதி. ஆனால் வேகம் குறைந்தால் துள்ளலும் போய்விடுகிறது, அதிக நேரம் அங்கே உட்காராதீர்கள்.

அப்புறம், எல்சிடி டிவி என்றால் முதலில் லேகை, அதாவது படம் தாமதமாகத் தெரிவதை, கேம் செட்டிங்கில் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் சரியாகத் தட்டியும் நோட் தவறும், பழி விரலுக்கு. ஈஸி நிலையில் மூன்றே பட்டன், சப்பென்று இருக்கும். நான்கு பட்டன் உள்ள மீடியத்தில் தொடங்கலாம்.