அந்தமான் குடும்பச் சுற்றுலா: முழுப் பேக்கேஜா, நாமே போடுவதா?

குடும்பத்தோடு அந்தமான் கிளம்புகிறவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. 5 இரவு 6 நாள் பேக்கேஜ் ஒன்றை மொத்தமாக வாங்கிவிடலாம். இல்லாவிட்டால் விமானம், படகு, அறை மூன்றையும் நாமே முன்பதிவு செய்துகொண்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் உள்ளூர் நாள் சுற்றுலா எடுக்கலாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நால்வர் கணக்கை வைத்தே இங்கே அலசியிருக்கிறோம். எங்கள் முடிவு இதுதான்: பிள்ளைகள் தாமாக நடக்கிற வயதென்றால் இரண்டாவது வழியில் செலவும் குறையும், அலைச்சலும் குறையும். ஆனால் படகு வரிசை சரியாக அமைய வேண்டும். அது பிசகினால் பேக்கேஜே மேல்.

சென்னையிலிருந்து கப்பலில் போவது மூன்றாவது வழி. கட்டணம் குறைவுதான். ஆனால் போக மட்டுமே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், புறப்படும் தேதியும் நிலையாக இருக்காது. ஒரு வார விடுமுறைக்கு அது ஒத்துவராது.

பணம் எங்கே போகிறது?

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் வைத்த பெயர் இது. ஊரில் இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது. பெரும்பாலான பேக்கேஜ்களில் விமானக் கட்டணம் சேராது. ஆகவே அந்தச் செலவு இரண்டு வழியிலும் ஒன்றுதான்.

அடுத்த பெரிய செலவு படகு. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவு, அங்கிருந்து நீல் தீவு, நீலிலிருந்து திரும்பப் போர்ட் பிளேர் என்று மூன்று பயணம். நால்வருக்கு 12 டிக்கெட். மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் படகுகளில் ஒரு டிக்கெட் ஏறக்குறைய 1,200 முதல் 2,000 ரூபாய் வரை. சராசரி 1,500 என்று வைத்தால் படகுக்கு மட்டும் 18,000. ஏஜென்ட் வாங்கித் தருவதும் இதே டிக்கெட்டைத்தான். ஆக, இரண்டு வழிக்கும் வித்தியாசம் வருவது அறையிலும் காரிலும் ஏஜென்ட்டின் லாபத்திலும் மட்டும்.

காரை உற்றுப் பார்க்க வேண்டும். 'ஆறு நாளும் ஏசி கார்' என்று பேக்கேஜில் போட்டிருக்கும். நடைமுறையில் அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விடும் வண்டி. நாள் முழுக்க நம் கையில் இருக்காது. ஹேவ்லாக்கில் படகுத்துறையிலிருந்து அறைக்கு, ஒருமுறை ராதாநகர் கடற்கரைக்கு, மறுநாள் மீண்டும் படகுத்துறைக்கு. அத்தோடு சரி. சாயங்காலம் பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டுமென்றால் ஆட்டோதான். 'கைடு' என்று எழுதியிருப்பவரும் பெரும்பாலும் அதே டிரைவர்தான். நல்ல மனிதராக இருப்பார், வாசலில் இறக்கிவிட்டு 'ஒரு மணி நேரத்தில் வாங்க' என்பார்.

கைடுக்குக் காசு கொடுக்க வேண்டிய இடங்கள்

செல்லுலார் சிறையில் கட்டாயம் கொடுங்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த சிறை. ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்று. கைடு இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு நீண்ட வராந்தாவும் வரிசையாகக் கதவுகளும் மட்டுமே தெரியும், பத்து நிமிடத்தில் சலித்துவிடும். விவரம் தெரிந்தவர் முதலில் தாழ்ப்பாளைக் காட்டுவார். கம்பிக் கதவிலிருந்து நீளும் இரும்புத் தண்டு, சற்றுத் தள்ளிச் சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய்ப் பூட்டப்படும். உள்ளே இருப்பவர் கம்பி வழியே கையை எவ்வளவு நீட்டினாலும் பூட்டு எட்டாது. பிள்ளையை அறைக்குள் நிற்க வைத்துக் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னால் போதும், மீதியைத் தானே கேட்கத் தொடங்கும். ஒவ்வொரு சிறகின் முகப்பும் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தே அமைந்திருப்பதால் கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது என்பதையும் மேலே ஏறி நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக நடக்கும். எந்த மொழிக் காட்சி என்று பார்த்து டிக்கெட் எடுங்கள்.

நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்திலும் உள்ளூர் கைடு தேவை. அங்கே வழி தவறாது. ஆனால் பாறைக்குழிகளில் தேங்கிய நீரில் கிடக்கும் கடல் வெள்ளரியும் சிப்பியும் குட்டி நண்டும் பழகாத கண்ணுக்குக் கல்லாகவே தெரியும். பாசி படிந்த பாறை என்பதால் ரப்பர் செருப்பு வழுக்கும். பின்பட்டை உள்ள செருப்போ பழைய ஷூவோ போடுங்கள்.

ராதாநகர், காலாபத்தர், சீதாப்பூர் கடற்கரைகளுக்குக் கைடு வேண்டியதே இல்லை. அங்கே 'வழிகாட்டியுடன் சுற்றுலா' என்று யாராவது பணம் கேட்டால் மறுத்துவிடலாம்.

அரசுப் படகா, தனியார் படகா?

அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்பும், தனியார் படகுகள் பெரும்பாலும் ஹேடோவிலிருந்து. ஆட்டோவில் ஏறும்போதே துறையின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். தப்பான துறையில் இறங்கிப் படகைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. அரசுப் படகின் கட்டணம் தனியாரில் பாதிக்கும் குறைவு. ஹேவ்லாக் போக இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். வேகமான தனியார் படகில் ஒன்றரை மணி. அரசுப் படகில் மேல்தளத்தில் காற்று வாங்க முடியும் என்பதால் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு அது நல்லது. தனியார் படகுகள் பலவற்றில் மூடிய ஏசி அறையில் உட்கார்ந்தே வர வேண்டும்.

சிக்கல் முன்பதிவில்தான். அரசுப் படகுக்குப் பயணத்துக்குச் சில நாள் முன்புதான் டிக்கெட் கிடைக்கும், தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு. டிசம்பர், ஏப்ரல், மே விடுமுறைகளில் நால்வருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும் என்று நம்பி அறைக்குப் பணம் கட்டக் கூடாது. முதல் இரண்டு பயணத்துக்குத் தனியார் டிக்கெட்டை முன்பே எடுத்துவிட்டு, நேரம் நெருக்காத ஒரு பயணத்துக்கு மட்டும் அரசுப் படகை முயல்வது நடைமுறைக்கு ஒத்த வழி.

குமட்டலுக்கு: படகின் நடுப்பகுதியில் அல்லது பின்பக்கத்தில், கீழ்த்தளத்தில் இருக்கை கேளுங்கள். மூக்குப் பகுதி அதிகம் தூக்கிப்போடும். வெறும் வயிறும் கூடாது, நெய்ப் பொங்கலும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். பிள்ளைக்கான அளவை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹேவ்லாக்கா, நீலா?

ஹேவ்லாக்கில் அறையும் சாப்பாடும் விலை கூடுதல், இடங்களும் தள்ளித்தள்ளி இருக்கின்றன. படகுத்துறையிலிருந்து ராதாநகர் 12 கிலோமீட்டர். நால்வர் ஒரு ஸ்கூட்டரில் போகக் கூடாது என்பதால் குடும்பத்துக்கு வண்டிச் செலவு ஏறும். ஆனால் ராதாநகர் மணலுக்கும் எலிஃபன்ட் கடற்கரையின் ஆழமில்லாத பவளப் பகுதிக்கும் ஈடு நீலில் இல்லை. நீல் சின்னத் தீவு. ஒரு ஆட்டோவைப் பேசினால் ஒரே நாளில் எல்லாக் கடற்கரையும் முடியும். சிறு பிள்ளைகளுக்கு நீலின் அமைதியே பிடிக்கும்.

நீலில் கடல் ஏற்றவற்றம்தான் எல்லாம். பாறைப் பாலத்துக்கு நீர் வற்றியிருக்கும்போதுதான் நடந்து போக முடியும். பரத்பூர் கடற்கரையில் குளிக்கவும் கண்ணாடிப் படகில் ஏறவும் நீர் ஏறியிருக்க வேண்டும். வற்றினால் அங்கே முழங்கால் நீரில் பவளப் பாறைதான் காலில் குத்தும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம், அதுவும் நாளுக்கு 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். பேக்கேஜ் அட்டவணையில் 'காலை 11 மணி பாறைப் பாலம்' என்று ஆண்டு முழுக்க ஒரே நேரம் இருக்கும். கடல் அந்த அட்டவணைப்படி நடக்காது. அறைக்காரரிடம் முந்தின நாளே வற்றும் நேரத்தைக் கேட்டுவைத்து அதைச் சுற்றி மற்றதை அமைப்பது, நாமே போடும் பயணத்தில் மட்டும் முடிகிற காரியம்.

சூரியனும் அப்படித்தான். அந்தமான் வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதே. டிசம்பரில் மாலை 5 மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். பிற்பகல் 2 மணிப் படகில் ஹேவ்லாக் போய் இறங்கினால் அன்றைய ராதாநகர் போனதுதான். விலை குறைந்த பேக்கேஜ்களில் இந்தப் பிற்பகல் படகுதான் அடிக்கடி மாட்டும். காலைப் படகா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நாள் சுற்றுலாக்கள்

ராஸ் தீவும் நார்த் பே-யும் ஒரே டிக்கெட்டில் வரும். ராஸில் 1941 நிலநடுக்கத்தில் சிதைந்த ஆங்கிலேயர் தலைமையகத்தின் இடிபாடு, சுவரைப் பிளந்து இறங்கிய ஆலமர வேர்கள், பயமில்லாமல் திரியும் மான்கள். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். புதன்கிழமை ராஸ் விடுமுறை. நார்த் பே-யில் நீர் விளையாட்டுக் கூவல்தான் அதிகம். அங்கே செலவழிக்காமல் பணத்தை எலிஃபன்ட் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பவளத்தைக் கண்ணால் பார்க்கவேண்டுமென்றால் ஜாலி பாய் தீவு. வாண்டூரிலிருந்து கிளம்பும் இந்தச் சுற்றுலா மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் போகிறது. கடையோ தங்குமிடமோ கிடையாது, பிளாஸ்டிக்குக்கு முழுத் தடை. ஸ்டீல் பாட்டிலும் டிபன் பாக்ஸும் எடுத்துப் போங்கள். ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரைதான் ஜாலி பாய் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின் தீவு. திங்கட்கிழமை விடுமுறை. 2010-இல் கடல் சூடேறியதில் இங்கே பவளம் பெருமளவு வெளுத்துப்போனது. விளம்பரப் படத்தின் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். மீன்கள் ஏமாற்றாது.

நீருக்குள் பவளம் பார்க்க எங்கே முகமூடி மாட்டினாலும் பிள்ளைக்கு அளவு பாருங்கள். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுத்தால் முகமூடி தானாக ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் அளவு பெரிது, உள்ளே தண்ணீர் வரும். ரப்பர் விளிம்புக்கும் நெற்றிக்கும் நடுவே முடி சிக்கினாலும் ஒழுகும். ஒருமுறை உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறிய பிள்ளை அன்று மறுபடி இறங்காது. குழந்தை அளவு முகமூடி ஒன்றை ஊரிலேயே வாங்கிப் போவது நல்ல செலவு.

பாராடாங் சுண்ணாம்புக் குகையை ஏறக்குறைய எல்லாப் பேக்கேஜும் கூடுதல் கட்டணத்தில் தள்ளப் பார்க்கும். காலை 6 மணிக்கு வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்பும் கான்வாயைப் பிடிக்க அதிகாலை 3 மணி போல் எழ வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டு வழியே நிற்காமல் போக வேண்டும்; அந்தத் தூரத்தில் கழிவறை இல்லை. பிறகு பெரிய படகு, சின்னப் படகு, ஒன்றரை கிலோமீட்டர் போல நடை. எல்லாம் முடிந்து குகைக்குள் அரை மணி. திங்கட்கிழமை விடுமுறை. 8 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வழியில் ஜாரவா மக்களைப் படமெடுப்பதும் தின்பண்டம் நீட்டுவதும் குற்றம். 'அவங்களைப் பார்க்கலாம்' என்று ஆசை காட்டி டிக்கெட் விற்கும் ஏஜென்ட்டிடம் வேறு எதையுமே வாங்காதீர்கள்.

வரிசையும், பேக்கேஜ் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியதும்

நாமே போடுவதென்றால், பேக்கேஜைவிட ஒரு நாள் கூட்டி, இந்த வரிசை: முதல் நாள் காலை விமானத்தில் இறங்கிச் சிறை. இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக், மாலை ராதாநகர். மூன்றாம் நாள் எலிஃபன்ட் கடற்கரை. நான்காம் நாள் நீல். ஐந்தாம் நாள் பிற்பகல் போர்ட் பிளேர் திரும்பல். ஆறாம் நாள் ராஸ் அல்லது ஜாலி பாய். ஏழாம் நாள் விமானம். விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில்தான் தூங்க வேண்டும். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது. படகுக்காரர் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தாலும் நால்வருக்குப் புது விமான டிக்கெட் எடுத்தால் மிச்சம் பிடித்த அத்தனையும் கரைந்துபோகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் விலை இறங்கும், இந்த ஆபத்து ஏறும். அந்த மாதங்களில் மட்டும் படகு மாற்றத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பேக்கேஜ் பாதுகாப்பானது. வயதானவர்கள் உடன் வந்தாலும், கைக்குழந்தை இருந்தாலும் அப்படியே.

பேக்கேஜ் என்று முடிவானால் பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்: பிள்ளைக்குத் தனிக் கட்டிலா, தரையில் மெத்தையா, ஒன்றுமில்லையா? படகு எது, எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு? நுழைவுச் சீட்டும் எலிஃபன்ட் கடற்கரைப் படகும் விலைக்குள்ளா? ஜிஎஸ்டி சேர்த்தா? வானிலையால் படகு நின்றால் கூடுதல் இரவுக்கு யார் பணம்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அடுத்த ஏஜென்ட்டைப் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் நால்வரின் அடையாள அட்டையிலும் டிக்கெட்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்னல் போனால் போன் வழியே பணம் அனுப்ப முடியாது, ரொக்கம் கையில் இருக்கட்டும். கரையில் கிடக்கும் பவளத்துண்டையும் கிளிஞ்சலையும் பிள்ளைகள் பையில் போட்டிருக்கிறார்களா என்று கிளம்பும் நாள் காலையில் பாருங்கள். விமான நிலையத்தில் பரிசோதித்துப் பிடித்துவைப்பார்கள்.