தேர்தல் ஆணைக்குழுவின் முடிவுப் பக்கமும் கணக்குகளும்: மட்டக்களப்பு வாக்காளருக்கு எவ்வளவு உதவும்?

தேர்தல் முடிந்த கையோடு மட்டக்களப்பில் ஆளாளுக்கு ஒரு கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். எந்த ஊர் யாருக்குப் புள்ளடி போட்டது, யார் யாரைக் கைவிட்டார்கள், எந்தக் கட்சி எங்கே காசை இறைத்தது. முக்கால்வாசி வட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பிப் போட்ட கணக்குத்தான். மூலப் பத்திரம் தேர்தல் ஆணைக்குழுவிடம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலையும் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலையும் வைத்து முடிவுப் பக்கம், செலவு அறிக்கை என்ற அந்தச் சேவையை எடைபோட்டால், வென்றவரைத் தெரிந்துகொள்ள அது தாராளமாகப் போதும். கட்சியிடம் கணக்குக் கேட்கப் போகிறவருக்குத்தான் பாதி வழியில் கைவிடுகிறது.

முதலில் முடிவுப் பக்கம். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு நான்கு வரிசைகள் இருக்கும்: கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என மூன்று தொகுதிகள், தனியாகத் தபால்மூல வாக்கு. நான்கையும் கூட்டினால்தான் மாவட்டத் தொகை வரும். தபால்மூல வாக்கைச் சேர்க்க மறந்துவிட்டு "தொகை இடிக்கிறது" என்று சண்டை பிடிப்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் மாவட்டக் கணக்கு இப்படி: சஜித் பிரேமதாச 139,110, ரணில் விக்கிரமசிங்க 91,132, அநுர குமார திசாநாயக்க 38,832, சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரன் 36,905. நாட்டில் வென்றவர் இங்கே மூன்றாமிடம்.

அதிகம் பேர் சறுக்குவது இரண்டாம் எண்ணிக்கையில். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலொன்றில் யாரும் 50 வீதத்தைத் தாண்டாமல் விருப்பு வாக்கு (வாக்காளர் இரண்டாவது, மூன்றாவது தெரிவாகக் குறிப்பது) எண்ணப்பட்டது இதுதான் முதல் தடவை. முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கு 5,634,915, அதாவது செல்லுபடியான வாக்கில் 42.31 வீதம். விருப்பு வாக்கைச் சேர்த்தபின் 5,740,179. சஜித்துக்கு 4,363,035 என்பது 4,530,902 ஆனது. சிலர் எடுத்துக்காட்டும் 55.89 வீதம் இந்த இருவரின் இறுதித் தொகையை மட்டும் நூறாக வைத்துக் கணித்தது. அதை 42.31க்குப் பக்கத்தில் வைத்து "மக்கள் ஆதரவு ஏறிவிட்டது" என்று எழுதுவது பிழை. வகுக்கும் எண்ணே வேறு.

அந்த இரண்டு அட்டவணையையும் கழித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அநுரவுக்குக் கூடியது 105,264, சஜித்துக்கு 167,867, ஆக மொத்தம் 273,131. போட்டியிலிருந்து விலக்கப்பட்ட மற்றவர்களின் முதல் வாக்குகளோ 33 இலட்சத்துக்கும் மேல். அதில் சுமார் 8 வீதம்தான் கடைசி இருவரில் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் இரண்டாம், மூன்றாம் விருப்பைக் குறிக்கவில்லை, அல்லது குறித்தது இந்த இருவருக்குமில்லை. அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித்துக்கு என்று தீர்மானித்தது. அதே கட்சிக்காரரான அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றார். கட்சிக்குள் ஒரு பகுதி அவர் பக்கம் போனது. "சங்குக்கு முதல் வாக்கு, இரண்டாவது உங்கள் விருப்பம்" என்று சொல்லித் திரிந்த எந்தப் பிரிவும் மேடையேற முன் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்க வேண்டும்.

இனி இந்தச் சேவையின் பெருங்குறை. ஆணைக்குழு வெளியிடும் ஆகச் சிறிய அலகு தொகுதிதான். வாக்களிப்பு நிலைய வாரியாகவோ கிராம சேவகர் பிரிவு வாரியாகவோ முடிவு கிடையாது. மட்டக்களப்புத் தொகுதிக்குள் மட்டக்களப்பு நகரமும் இருக்கிறது, முஸ்லிம்கள் அதிகமுள்ள காத்தான்குடியும் ஏறாவூரும் இருக்கின்றன. எல்லாம் ஒரே வரிசையில் விழும். கல்குடாவில் முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியும் தமிழ் ஊரான வாகரையும் ஒன்றாய்க் கலந்தபடி. அம்பாறைப் பக்கம் பொத்துவில் தொகுதியில் திருக்கோவில், ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் ஒன்றுக்குள். ஆகவே "அந்த ஊர் முஸ்லிம்கள் இப்படிப் போட்டார்கள், இந்த ஊர் தமிழர் அப்படிப் போட்டார்கள்" என்று நுணுக்கமாய் வீதம் போட்டு வரும் அட்டவணை எதற்கும் இந்தப் பக்கத்தில் ஆதாரமில்லை. வாவிக்கு மேற்கே தமிழர் வாழும் படுவான்கரையை உள்ளடக்கிய பட்டிருப்பில் மட்டும் ஓரளவு ஊகிக்கலாம், அதுவும் ஊகம்தான். வாக்கின் இரகசியம் காக்க இந்தக் கலவை நல்லது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஊருக்குள் யாரும் யாரையும் சுட்டிப் பழிவாங்க முடியாது.

பாராளுமன்ற முடிவுப் பக்கம் ஆசனத்தை மட்டும் போடுகிறது, அது வந்த வழியைக் காட்டுவதில்லை. நாமே போட்டுப் பார்க்கலாம். மாவட்டத்துக்கு 5 ஆசனம். அதிக வாக்கெடுத்த கட்சிக்குப் போனஸாக 1. மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைந்த கட்சிகளின் வாக்கை நீக்கி, மிச்சத்தை 4ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கான எண் வரும். அந்த எண் எத்தனை தடவை போகிறதோ அத்தனை ஆசனம், பிறகு மீதி பெரிதாயுள்ள கட்சிகளுக்கு வரிசைப்படி. வீட்டுக்கு (தமிழரசு) 96,975, திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) 55,498, மரத்துக்கு (முஸ்லிம் காங்கிரஸ்) 40,139, படகுக்கு (தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி) 31,286. வீடு போனஸ் ஒன்று, முழு எண்ணால் ஒன்று எடுத்தது. மூன்றாவது ஆசனம் மீதி வாக்கால் வந்தது, அதற்குப் போட்டி படகு. வகுத்த எண் 65,689க்கு மேல் போயிருந்தால் வீட்டின் மீதி 31,286க்குக் கீழே இறங்கி, அந்த ஆசனம் படகுக்குப் போயிருக்கும். "மூன்று ஆசனம் எடுத்தோம்" என்ற பேச்சுக்கும் மூன்றிலொரு பங்கு வாக்கு என்ற உண்மைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அந்தப் பக்கம் சொல்லித் தராது.

அடுத்தது செலவு அறிக்கை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளரும் கட்சியும் வரவு செலவைக் கொடுக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் உச்சவரம்பு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா, வேட்பாளர் ஒருவருக்கு மொத்தம் 1,868,298,586 ரூபா. அதில் 60 வீதம் வேட்பாளருக்கு, 40 வீதம் கட்சிச் செயலாளருக்கு. பெயர் சொல்லாதவரின் நன்கொடையை ஏற்கக் கூடாது.

வாசிக்கும்போது பார்க்க வேண்டிய இடங்கள் சில. வேட்புமனுவுக்கு முந்திய செலவு உள்ளே வராது. பெரிய கூட்டம், பதாகை பலவும் அதற்கு முன்னரே முடிந்திருக்கும். இன்னொரு கட்சியின் வேட்பாளருக்கு ஆதரவளித்த கட்சி ஜனாதிபதித் தேர்தலில் தனிக் கணக்கு காட்டாது. ஆகவே மட்டக்களப்பில் சஜித்துக்காகத் தமிழரசு நடத்திய கூட்டத்தின் செலவைத் தேடினால் சஜித் தரப்பு அறிக்கைக்குள்தான் தேட வேண்டும், மாவட்டம் பிரித்து எழுதியிருக்காவிட்டால் கிடைக்காது. பாராளுமன்றத் தேர்தலில் வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்கு என்பதால் மூன்று இலக்கத்தை ஒரே துண்டுப் பிரசுரத்தில் அடிப்பார்கள். அச்சகப் பற்றுச்சீட்டு யார் கணக்கில் விழுந்தது, மூன்றாய்ப் பிரித்ததா என்று மூவரின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் ஒன்றும் விளங்காது.

கட்சியிடம் நேரே தகவல் கோரிக்கை போட வழியில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொது அதிகாரசபைகளுக்கானது, அந்த வரைவிலக்கணத்தில் அரசியல் கட்சி சொல்லப்படவில்லை. ஆணைக்குழுவிடம் கேட்கலாம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஆண்டுதோறும் கணக்காய்வு செய்த கணக்கை அங்கேதான் கொடுக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "கட்சியின் எல்லாக் கணக்கும்" என்று எழுதினால் இழுபடும். கட்சியின் பதிவுப் பெயர், எந்த ஆண்டு, எந்த ஆவணம் என்று மூன்றையும் குறியுங்கள்.

கட்சி தாவியவரை என்ன செய்யலாம் என்றும் பலர் கேட்கிறார்கள். அதற்கு இந்தச் சேவையில் இடமே இல்லை. கட்சி விலக்கினால் அல்லது அவரே கட்சியிலிருந்து விலகினால்தான் ஆசனம் போகும், விலக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மட்டக்களப்பின் நசீர் அஹமட்டை முஸ்லிம் காங்கிரஸ் விலக்கியதை 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் ஏற்றது, அவர் ஆசனத்துக்கு அலி சாஹிர் மௌலானா வந்தார். கட்சி சும்மா இருந்துவிட்டால் வாக்காளர் கையில் ஒன்றுமில்லை.

மதிப்பெண் என்றால் முடிவுப் பக்கத்துக்கு 5க்கு 4, செலவு அறிக்கைக்கு 2. முடிவுப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடிக்காமல் பீடிஎஃப் கோப்பாக இறக்கி வையுங்கள், வரிசை வெட்டுப்பட்ட படங்கள்தான் அடுத்த சண்டைக்கு விதை.